கொலைகாரன் சொல்லும் கதை

சென்ற ஆனி மாதம், சாரல் பிடித்த முதல் வாரத்தில், சென்னையிலிருந்து ஒரு பிரசுரகர்த்தர் மேலகரத்துக்கு என் வீடு தேடி வந்தார். குற்றாலத்துக்கு வருகிறவர்களில் சிலர் போகிற வழியில் என்னையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஊர் அமைந்துவிட்டதால் கிடைக்கிற மரியாதை அது. என் எழுத்துக்குக் கிடைத்ததென்று எண்ணி நான் ஏமாந்ததில்லை. வந்தவர் ஐந்தருவியில் குளித்த தலை ஈரம் காயாமலே திண்ணையில் உட்கார்ந்தார். காப்பி குடித்து முடித்தபின் விஷயத்துக்கு வந்தார். ஆட்டோ சங்கரைப் பற்றி ஒரு நாவல் வேண்டும். நானூறு பக்கம். முன்பணம் இன்றைக்கே தரத் தயார்.

"ஒரே ஒரு நிபந்தனை சார். கதையை அவனே சொல்ல வேண்டும். முதல் வரியிலிருந்து நான், நான் என்று போக வேண்டும். கடைசி வரியில் கயிறு இறுக வேண்டும்" என்றார்.

கயிறு இறுகிய பிறகு கதையை யார் சொல்வது என்று கேட்டேன். அது உங்கள் சாமர்த்தியம் என்று சொல்லிச் சிரித்தார்.

என் வீடு ஓட்டு வீடு. அன்றைக்கு இரண்டு இடங்களில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் காலடியிலேயே ஒரு பாத்திரம் வைத்திருந்தோம். அதில் விழுந்த சொட்டுகளை எண்ணிக்கொண்டே காசோலையை வாங்கிக்கொண்டேன். ஆனால் பாங்கியில் போடவில்லை, பீரோவில் வைத்தேன். நான்கு மாதம் அது அங்கே இருந்தது. அந்த நான்கு மாதத்தில் நான் யோசித்தவைதான் இந்தக் கட்டுரை.

ஆட்டோ சங்கர் யாரென்று நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்மைப் பெயர் கௌரி சங்கர். சென்னை திருவான்மியூரில் பெரியார் நகர்வாசி. பெயிண்டராக இருந்து, சாராயம் கடத்தி, பிறகு விபசாரத் தொழில் நடத்தி வளர்ந்தவன். 6 கொலைகளுக்காக அவன்மீதும் கூட்டாளிகள்மீதும் வழக்கு நடந்தது. செத்தவர்கள் ஐந்து ஆண்கள், ஒரு பெண். விசாரணைக் கைதியாக இருந்தபோது 1990இல் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பி, ஒரிஸ்ஸாவில் ரூர்கேலாவில் பிடிபட்டான். 1991 மே 31ஆம் தேதி செங்கற்பட்டு செஷன்ஸ் கோர்ட் மரண தண்டனை விதித்தது. 1992 ஜூலையில் ஹைக்கோர்ட் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரல் 5ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அப்பீலைத் தள்ளியது. 1995 ஏப்ரல் 27ஆம் தேதி சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

இவ்வளவுதான் விவரம். இதை எழுதும்போதே ஒரு சிக்கல் வந்துவிட்டதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். "பிடிபட்டான்" என்று எழுதினேன். "பிடிபட்டார்" என்று எழுதியிருந்தால் உங்களில் பாதிப் பேருக்கு முகம் சுளித்திருக்கும். ஒரு மனிதனைப் பற்றி ஒரு வினைச்சொல் எழுத வேண்டுமென்றாலும் தமிழ் நம்மை நிறுத்தி வைத்து, இவனுக்கு மரியாதை உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே விடுகிறது. வேறு பல பாஷைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க ஒரே வழி, அவனையே பேச விட்டுவிடுவது. "நான்" என்ற சொல்லுக்கு மரியாதையும் கிடையாது, அவமரியாதையும் கிடையாது. நான் வந்தேன், நான் பார்த்தேன், நான் கழுத்தை நெரித்தேன். மகானும் அப்படித்தான் பேசுகிறார், கொலைகாரனும் அப்படித்தான் பேசுகிறான். பிரசுரகர்த்தர் கேட்டது இந்த வசதியைத்தான். அது அவருக்குத் தெரியாமலிருக்கலாம். வியாபாரிகளுக்குக் காரணம் தெரியாமலே காரியம் தெரியும்.

சங்கர் உண்மையாகவே "நான்" என்று பேசிய கதையும் உண்டு. 1991இல் செங்கற்பட்டு சப் ஜெயிலில் இருந்தபோது சுமார் 300 பக்கங்களில் தன் சுயசரிதையை எழுதினான் என்றும், சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே அது வெளியே வந்தது என்றும், பல பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் தனக்கும் இருந்த தொடர்பை அதில் எழுதியிருக்கிறான் என்றும் 'நக்கீரன்' பத்திரிகை சொன்னது. 1994 மே மாதம் தொடர் பற்றிய அறிவிப்பு வந்தது. ஜூனில் சிறைத்துறை ஐ.ஜி. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: இது அவன் எழுதியதே அல்ல, பிரசுரித்தால் நடவடிக்கை எடுப்போம் என்று. பத்திரிகை ஆசிரியர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1994 அக்டோபர் 7ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ராஜகோபால் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் நடத்துகிறார்கள்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் ஊர் சலூனில்தான் அந்தத் தொடரைப் படித்தேன். வீட்டில் அந்தப் பத்திரிகைக்கு அனுமதி இல்லை. முடி வெட்டிக்கொள்ளத் தேவையில்லாத பையன்கள் ஐந்தாறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஒருவன் வாசிக்க மற்றவர்கள் கேட்போம். முகத்தில் சோப்பு நுரையோடு பெரியவர்களும் கேட்பார்கள். கத்தி கழுத்தில் நிற்கும்போது கொலைக் கதை கேட்பதில் ஒரு தனிச் சுகம் இருந்திருக்க வேண்டும். இன்று எனக்கு அதில் ஒரு வாக்கியம்கூட ஞாபகமில்லை. அந்தக் குரல் மட்டும் ஞாபகமிருக்கிறது. தோளில் கை போட்டுக்கொண்டு பேசுகிற குரல். நாங்கள் எல்லோரும் அவன் பக்கம் இருந்தோம். அவன் மாட்டிக்கொள்வான் என்று தெரிந்தும், தப்பிவிட மாட்டானா என்றிருந்தது. செத்தவர்களைப் பற்றி ஒருவன்கூட ஒரு வார்த்தை கேட்டதாக நினைவில்லை. எத்தனை பேர் என்று கேட்டோம். யார் என்று கேட்கவில்லை.

பதினைந்து வயதுப் பையன்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. "நான்" என்று ஒருவன் கதை சொல்லத் தொடங்கினால் கேட்பவன் அவனோடு சேர்ந்து நடப்பான். கதை என்ற கலையின் ஆதாரமே அது. நல்லவன் சொன்னாலும் வேலை செய்யும், அயோக்கியன் சொன்னாலும் வேலை செய்யும்.

இதனால் அந்தத் தொடரைத் தடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வந்தது நல்லது. நல்ல எழுத்து என்று சொல்லவில்லை, வந்தது நல்லது. ஒரு சாராய வியாபாரி ஆட்களைக் கொன்று புதைத்தும் எரித்தும் மறைக்க முடிந்ததென்றால், அதை யார் யார் பார்க்காமல் இருந்தார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லக் கூடியவன் அவன் ஒருவன்தான் என்றால் அவன்தான் சொல்ல வேண்டும். சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. ஆனால் சாட்சியம் வேறு, இலக்கியம் வேறு. சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு வக்கீல் இருக்கிறார். நாவலில் "நான்" என்று பேசுகிறவனைக் குறுக்கே கேட்க யாரும் இல்லை, எழுதுகிறவனைத் தவிர.

அந்தத் தீர்ப்பை நான் முழுக்கப் படித்தேன். கல்லூரியை இடையில் விட்டவன் நான், சட்டம் படித்தவனல்ல. இருந்தாலும் ஒரு கதாசிரியனுக்கு அதில் ருசியான இடங்கள் உண்டு. சங்கர் அந்த வழக்கில் கட்சிக்காரன் இல்லை. ஆகவே அவன் சுயசரிதை எழுதவும் இல்லை, பிரசுரிக்க அனுமதிக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் நீதிபதிகள் மேலே போகிறார்கள். ஆசிரியன் இல்லாத ஒரு சுயசரிதை! கோர்ட் ரிக்கார்டு போன்ற பொதுப் பதிவுகளில் இருக்கும் அளவுக்கு அவன் கதையை யாரும் எழுதலாம், அவன் சம்மதம் வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் அவனுடைய அந்தரங்கத்தில் தலையிட்ட குற்றம் வரலாம். உத்தியோகஸ்தர்கள் தங்களுக்கு அவதூறு வருமென்று முன்கூட்டியே பிரசுரத்தைத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். தன்னைத் தன் பாட்டில் இருக்க விடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அதில் அழகாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பலாத்காரம், கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்களின் பெயரைப் பதிவில் இருந்தாலும் பத்திரிகையில் போட்டு மேலும் அவமானப்படுத்தக் கூடாது என்றும் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தன் பாட்டில் விடப்பட வேண்டும் என்ற உரிமை இந்த நாட்டில் ஒரு கொலைகாரனின் சுயசரிதையை ஒட்டி இவ்வளவு தெளிவாகப் பேசப்பட்டது. செத்த ஆறு பேரை யாரும் தன் பாட்டில் விடவில்லை. வழக்கு முடியும் முன்னரே, 1990 பொங்கலுக்கு, அந்தச் சம்பவங்களின் சாயலோடு 'புலன் விசாரணை' படம் வந்தது. 2019இல் ஜீ5 தளத்தில் அவன் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. இப்போது என் பீரோவில் ஒரு காசோலை இருந்தது.

அவன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷமாக ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. "அவன் சாராயம் வித்தான், பொம்பளையாள வச்சித் தொழில் பண்ணுனான். சாராய சங்கர்னு ஒருத்தனும் சொல்லலியே அண்ணாச்சி. எங்க தொழிலத்தான் பிடிச்சி ஒட்டுனாங்க" என்பார். இலக்கிய விமரிசகர்கள் யாரும் கண்டுபிடிக்காத விஷயம் இது.

இனி என் சொந்த வெட்கத்தைச் சொல்ல வேண்டும்.

பதினைந்து வருஷத்துக்கு முன், இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாய்க்கால் தகராறில் ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்தார். நான் அதைச் சிறுகதையாக எழுதினேன். ஊர் பெயர், ஆள் பெயர் எல்லாம் மாற்றிவிட்டேன். வெட்டினவன் "நான்" என்று சொல்வதாகக் கதை. நல்ல பெயர் வந்தது; மனித மனத்தின் இருளைத் தொட்டுவிட்டதாக எழுதினார்கள். நானும் நம்பினேன். ஒரு மாதம் கழித்து ஒரு அம்மாள் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். செத்தவரின் தங்கை. உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. அழுவாள், சாபமிடுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"எங்க அண்ணன் வெத்தல போட மாட்டாங்கய்யா. நீங்க போட வச்சிட்டீங்க" என்றாள்.

அவ்வளவுதான். வெட்டு விழும் நேரத்தில் செத்தவர் வாயில் வெற்றிலை இருந்ததாக எழுதியிருந்தேன். ரத்தமும் வெற்றிலைச் சாறும் ஒன்றாக வழிவதாக ஒரு வாக்கியம். விமரிசகர்கள் அந்த வாக்கியத்தைத்தான் எடுத்துக் காட்டியிருந்தார்கள். நான் ஏதோ கதை, கற்பனை என்று முணுமுணுத்தேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "வாயில கூட வைக்க மாட்டாங்க" என்று மறுபடி சொல்லிவிட்டுப் பத்திரிகையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கதையை நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

ஏன் அது எனக்கு இவ்வளவு உறைத்தது என்று பிற்பாடு யோசித்தேன். வெட்டினவனுக்கு நான் ஒரு பால்யம் கொடுத்தேன், அடி கொடுத்த தகப்பனைக் கொடுத்தேன், பசியைக் கொடுத்தேன், இரண்டு பக்கம் நியாயம் கொடுத்தேன். வெட்டுப்பட்டவருக்கு நான் கொடுத்தது ஒரு வெற்றிலை. அதுவும் அவருக்காகக் கொடுத்ததல்ல, என் வாக்கியத்தின் நிறத்துக்காக.

இந்த விஷயத்தில் இலக்கணம்கூட நமக்கு எதிரி. ஆள் உயிரோடு இருக்கிறவரை உயர்திணை. வெட்டுப்பட்ட மறுநிமிஷம் பிணம் கிடந்தது, சடலம் மீட்கப்பட்டது, எலும்புக்கூடு தோண்டி எடுக்கப்பட்டது. சங்கர் வழக்கைப் பற்றிய பழைய செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். கொன்றவன் கடைசிவரை "அவன்". செத்தவர்கள் முதல் பத்தியிலேயே "அது" ஆகிவிடுகிறார்கள்.

பழைய கொலைச் சிந்துகளை இப்போது நினைத்துக்கொள்கிறேன். மட்டமான காகிதத்தில் அச்சடித்துச் சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்பார்கள். 1952இல் ஆளவந்தார் கொலை மாதிரி நாட்டையே உலுக்கிய வழக்குகள் முதல், பக்கத்து ஊர்ச் சண்டைவரை சிந்தாகிவிடும். படித்தவர்கள் அதை இலக்கியம் என்று ஒப்புவதில்லை. நானும் ஒப்பவில்லை, எதுகைக்காக எதையும் செய்வார்கள், சந்தம் தடுக்கி விழும். என் ஆச்சிக்கு ஒரு சிந்து பாதி மனப்பாடம். சிறுபிராயத்தில் தென்காசிக் கோயில் திருவிழாவில் கேட்டதாம். பாத்திரம் துலக்கும்போது முனகுவாள். கொலை நடக்கும் இடம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. யார் கொன்றது, எதற்குக் கொன்றது என்பதும் தெரியாது. செத்தவனின் தாய் புலம்பும் இடம் மட்டும் ஓர் எழுத்துத் தப்பாமல் வரும். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடும், கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நாங்கள் சலூனில் மறந்ததை ஆச்சி ஞாபகம் வைத்திருந்தாள். சிந்து பாடினவன் எதற்கு அதிக இடம் கொடுத்தானோ அதை. அந்தப் பெயர் தெரியாத பாட்டுக்காரனுக்கு எனக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது.

மேலகரத்துக்காரன் இலக்கியம் பேசினால் திரிகூடராசப்பக் கவிராயரை இழுக்காமல் விடமாட்டான் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இழுக்கத்தான் போகிறேன். 'திருக்குற்றாலக் குறவஞ்சி' எழுதியவர் இந்த ஊர்க்காரர். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்கு நிலம் கொடுத்தார்; அந்த இடத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். குறவஞ்சியில் சிங்கன் ஒரு வேடன். பறவை பிடிக்க வருகிறான். கண்ணி இருக்கிறது, கூட்டாளி இருக்கிறான். பறவைகள் வருவதை அவன் வாயாலேதான் கேட்கிறோம். ஆனால் பாட்டு முடிந்ததும் நம் கண்ணில் நிற்பது என்ன? காடையும் கம்புளும் நாரையும் கூழைக்கடாவும் ஒவ்வொன்றாகத் தன் தன் பெயரோடு வந்து இறங்குவதுதான். சொல்கிறவன் கொல்ல வந்தவன்; பாட்டோ பறவைகளுடையது. கடைசியில் வேடனுக்குச் சிங்கியின் நினைப்பு வந்துவிடுகிறது, பறவைகளும் பறந்துவிடுகின்றன. வேட்டைக்காரன் வாயில் பாட்டை வைத்தும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அடுத்த தெருவிலேயே சாட்சி இருக்க, நான் ரஷ்யாவுக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனாலும் ஓடுகிறேன், ஒரே ஒரு காரியத்துக்காக. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' கொலைகாரனின் நாவல் என்றுதான் பெயர் வாங்கியிருக்கிறது. ரஸ்கோல்நிகோவ் வட்டிக்காரக் கிழவியைக் கொல்கிறான். எதிர்பாராமல் வந்துவிட்ட அவள் தங்கை லிஸவேத்தாவையும் கொல்கிறான். கோடரி மேலே நிற்கும்போது அவள் முகத்தைக்கூடச் சரியாக மறைத்துக்கொள்ளவில்லை; இடது கையை லேசாகத் தூக்குகிறாள். பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளி, ஸோனியா அவனுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டும் இடம் வருகிறது. அந்தப் புத்தகம் யார் கொடுத்தது என்று கேட்கிறான். லிஸவேத்தா. செத்தவள் கதையை விட்டுப் போகவே இல்லை. அவன் தத்துவங்களையெல்லாம் நான் மறந்துவிட்டேன். அந்தத் தூக்கிய கையை மறக்க முடியவில்லை.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினையைச் சட்டம் போட்டுத் தீர்க்கப் பார்த்தார்கள். 1976, 1977இல் டேவிட் பெர்க்கோவிட்ஸ் என்பவன் நியூயார்க்கில் 6 பேரைச் சுட்டுக் கொன்றான். பத்திரிகைக்காரர் ஜிம்மி பிரெஸ்லினுக்குக் கடிதம் எழுதினான். 'ஸாமின் மகன்' என்று தனக்குத் தானே பெயரும் வைத்துக்கொண்டான். பிடிபட்டபின் அவன் தன் கதையை விற்றுப் பணக்காரனாகிவிடுவான் என்று பயந்து, குற்றவாளி தன் கதையால் பணம் பெறக் கூடாது, அது பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டும் என்று 1977இல் நியூயார்க்கில் சட்டம் செய்தார்கள். 1991இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. சட்டத்துக்கு எட்டியது அவ்வளவுதான். கதை எழுதி வரும் பணத்தை நிறுத்தப் பார்க்கலாம். கதையில் யாருக்கு எத்தனை பக்கம் என்று எந்தக் கோர்ட்டும் தீர்மானிக்க முடியாது.

சரி, அந்த ஆறு பேரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. தீர்ப்புகளிலிருந்து ஆறு பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒரு வாரம் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் பக்கம் நிரம்பவில்லை. எப்படிச் செத்தார்கள் என்பதற்கு வேண்டிய மட்டும் விவரம் இருக்கிறது. எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஒன்றுமில்லை. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்களா, காப்பியா டீயா, வெற்றிலை போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் இட்டு நிரப்பினால் ஆறு வாசல்களிலிருந்து ஆறு தங்கைகள் வருவார்கள். போய்க் கேட்கலாம், ஆனால் முப்பத்தைந்து வருஷம் தாண்டியபின் ஒரு கதாசிரியன் நோட்டும் கையுமாகப் போய்க் கதவைத் தட்டுவதற்கு என்ன உரிமை? அந்தப் பெயர்களை இங்கேயும் நான் எழுதாததற்குக் காரணம் அதுதான். தன் பாட்டில் இருக்கும் உரிமையை அவர்கள் குடும்பத்துக்கு நானாவது கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஐப்பசியில் காசோலையைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஓட்டைப் பார்த்தாள். பிரசுரகர்த்தர் டெலிபோனில் வருத்தப்பட்டார், ஆனால் கோபப்படவில்லை. நல்ல மனிதர். ஒரு இளைஞர் எழுத முன்வந்திருக்கிறாராம், ஏற்கெனவே நூறு பக்கம் முடித்துவிட்டாராம், பிரமாதமாக வந்திருக்கிறதாம்.

எப்படித் தொடங்குகிறது என்று கேட்டேன்.

"நான் பிறந்தபோது என்று தொடங்குகிறது சார்" என்றார்.